பிடரிக்கயிறு

மணியாரம் செய்யக் கெனாவின் கழுத்தை நூலால் அளந்தாள் மணி கோக்கும் ஹுன்ரோ.

"பள்ளத்தாக்குத் திருவிழாவுல எல்லாரும் என் கழுத்தைத்தான் பார்க்கணும், பார்த்துக்கம்மா" என்றான் கெனா.

"இந்தக் கொக்குக் கழுத்தையா?" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி வெர்னூரோ.

போன முறை அளந்ததைவிட நூல் இரண்டு விரற்கடை மிச்சம் விழுந்தது. ஹுன்ரோ மிச்சத்தை விரலில் சுருட்டிக்கொண்டாள்.

நீலமணி சுடும் சூளைக்காரனிடம் வம்பளக்கக் கெனா வெளியே போனான். வெர்னூரோ ஹுன்ரோவின் காதருகே குனிந்தாள்.

"ஆரத்துக்குப் பிடரிக்கயிறு வேண்டாம்க்கா."

ஹுன்ரோவின் கை நின்றது.

நடமாடுகிறவர் ஆரத்துக்குப் பிடரியில் முடிச்சுப் போடக் கயிறு உண்டு. துணி சுற்றிக் கல்லறையில் படுக்கவைக்கப்போகிறவருக்குக் கயிறு எதற்கு? மார்பில் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும்.

"வைத்தியர் கைவிரிச்சுட்டார். நைல்ல வெள்ளம் வர்ற வரைக்கும்கூடத் தாங்காதாம். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவார். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சூளைப் புகை என்று சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

ஹுன்ரோ மணிக்கூடையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

சற்று நேரத்தில், கைத்தடியை மறந்துவிட்டேன் என்று கெனா திரும்பி வந்தான். கைத்தடி அவன் கையில் இருந்தது.

"சொல்லிட்டாளா?"

ஹுன்ரோ தலையாட்டினாள்.

"பாவம், தனியாச் சுமந்துக்கிட்டுத் திரியிறா. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதம்மா. தாங்கமாட்டா."

ஹுன்ரோ எழுந்துபோய்ச் சுவரோரப் பெட்டியிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்து வந்து பிரித்தாள். போன மாதம் அவன் தனியாக வந்து செய்யச் சொல்லிவிட்டுப் போன ஆரம். கோத்து முடித்தாயிற்று. பிடரிக்கயிறு இல்லை. வேண்டாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

கெனா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நீலம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றான். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"இதுக்கு ஒரு கயிறு போட்டு அவகிட்டயே குடுத்துடும்மா. அவ கேட்டா, மறதியா வச்சுட்டேன்னு சொல்லிடு. திருவிழா அன்னிக்கு ஒரே ஒரு தடவ, அவ கையால முடிச்சுப் போட்டுக்கணும்."