மூன்று மார்க் பேரம்

"அறுபது போடுங்க டீச்சர்."

"தோன்யா எலோய்சா, இது சந்தை இல்ல."

"எனக்கு எல்லா இடமும் சந்தைதான். சரி, அம்பத்தஞ்சு!"

பொலிவியாவில், கொச்சபம்பா சந்தையில் முப்பது வருஷமாக உருளைக்கிழங்கு விற்கிறேன். மரிசோல் என்ற கல்லூரிப் பெண் என்னைப் பேட்டி எடுத்து, ஆறு நாள் என் கடையில் உட்கார்ந்து கவனித்துக் கட்டுரை எழுதினாள். அதற்கு நாற்பத்தெட்டு மார்க். ஐம்பத்தொன்று வந்தால்தான் பாஸ். இல்லாவிட்டால் உதவித்தொகை போச்சு. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பக்கத்துக் கடைக்காரி சொன்னதுமே கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

என் கதைக்கு நாற்பத்தெட்டா? யார் போட்ட விலை இது?

"என் கதையில என்ன குறை கண்டீங்க?"

"ஒரு குறையும் இல்ல. பேட்டி பிரமாதம்." சென்டெயாஸ் டீச்சர் தாளைப் புரட்டினார். "ஏழு வயசுல மூட்டை தூக்கினீங்க, தனியாளா மூணு பிள்ளைங்களை ஆளாக்கினீங்க, ஒருத்தரையும் ஏமாத்தினதில்ல... எல்லாம் இருக்கு."

"அப்புறம் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? அம்பத்தொண்ணு. கடைசி விலை!"

"பேட்டியில கேட்டதுக்கு அம்பது, நேர்ல பார்த்ததுக்கு அம்பது. கேட்டதுக்கு நாப்பத்தெட்டு போட்டுட்டேன். பார்த்ததுக்கு முட்டை."

"ஏன்?"

"'கவனித்தவை'ன்னு தலைப்பு. கீழே ஒரே வரி. 'குறிப்பாக எதையும் பார்க்கவில்லை.' அவ்வளவுதான்!"

தாளை எட்டிப் பார்த்தேன்.

"ஆறு நாள் உட்கார்ந்து ஒண்ணுமே கண்ணுல படலியாம். சோம்பேறிக் கழுதை! கேட்டா வாயைத் திறக்காம அழுறா. கட்டுரை எல்லாத்தையும் அச்சடிச்சு உங்க சந்தைச் சங்கத்துக்குத் தரப்போறோம். அதுல இப்படி ஒரு வெத்துப் பக்கம்!"

மத்தியானம் ஆனால் என் வேர்க்கடலை சூப்பில் பாதியை அந்தப் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுப்பேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பேனாவை எடுங்க டீச்சர்."

"மார்க்கை மாத்த முடியாதுன்னு..."

"மார்க்கை அப்புறம் பேசலாம். மூணாம் நாள் அவ ஒண்ணு பார்த்தா. நான் திரும்பினதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதை எழுதுங்க."

"என்னன்னு?"

"தராசுத் தட்டுக்கு அடியில எலோய்சா ஒரு காந்தம் ஒட்டி வச்சிருக்கான்னு."