மறையாத புள்ளி

கடைக்காரர் துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கும் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். "சிலுவை, வட்டம், புள்ளி. எந்தக் குறி வேணுமோ எடுத்துக்கோங்க. தோட்டத்துல மேயுற காட்டுப் பன்னியப் பாத்தா குறி நிக்கும், சுடலாம்; மனுசனப் பாத்தா மறைஞ்சிரும். உங்க ஊரே இதத்தான் வாங்கியிருக்கு."

தவசி சிலுவைக் குறி வழியாகக் கடைக்காரரைப் பார்த்தான். மறைந்தது. வாசலில் கம்பளி போர்த்தி, முதுகு வளைந்து நின்ற அப்பாவைப் பார்த்தான். சிலுவை அப்படியே நின்றது. வட்டமும் நின்றது, புள்ளியும் நின்றது.

மகனின் முகம் மாறியதை அப்பா கவனித்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முடிந்தமட்டும் நிமிர்ந்தார்.

"இப்ப மறைஞ்சுதாடா?"

புள்ளி அவர் நெஞ்சைவிட்டு அசையவில்லை.

"மறைஞ்சிருச்சுப்பா."

"அப்ப இனிமே பயமில்லாம தோட்டத்துப் பக்கம் நடக்கலாம்" என்று சொல்லி, அப்பா நிம்மதியாக மறுபடியும் குனிந்துகொண்டார்.