ஆறாவது பாத்திக்கான வலை

ஏணியின் ஒன்பதாவது படியில் நின்றபோது தோட்டக்காரரின் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தன.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தூரிகையைச் சுண்ணாம்பு வாளிக்குள் முக்கினார்.

அன்றைக்கு அடித்த வெயிலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். குழாயைத் திறந்தால் முதலில் ஆவி வந்தது. பின்னாலேயே தயங்கித் தயங்கித் தண்ணீர் வந்தது. நிழல்கூட எங்கேயாவது ஒதுங்க இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஆறு பாத்தி குடமிளகாய். ஐந்து பாத்திக்கு மேலே நிழல்வலை இருந்தது. ஆறாவதற்கு இல்லை. எட்டு நாளைக்கு முன் காலையில் வந்து பார்த்தபோது அந்த ஒரு துண்டு மட்டும் காணோம்.

கடையில் கேட்டால் அடுத்த மாதம் வரும் என்றார்கள். அதற்குள் பாத்தியே போய்விடும். பூவெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. தப்பிய காய்களும் வெயில் பட்ட பக்கம் வெந்து, காகிதமாய் வெளுத்திருந்தன.

வலை இல்லையென்றால் கூரைக்கு வெள்ளையடிக்க வேண்டியதுதான். பாதி வெயிலாவது வந்த வழியே திரும்பிப் போகும்.

கீழே அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏணியைக் கண்டாலே தலை சுற்றும் என்பவள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு படி ஏறியதில்லை.

"உன் தம்பிதான் எடுத்திருப்பான்," என்றார் அவர், நாற்பதாவது தடவையாக. "பக்கத்துத் தோட்டம் வேற அவனுது. அந்தத் துரையோட தக்காளிக்கு என் வலை குடை பிடிக்குது."

அவள் வாய் திறக்கவில்லை. எட்டு நாளாக இந்தப் பேச்சு வந்தால் இதே மௌனம்தான். பிறந்த வீட்டு மானம், பாவம் என்று அவரும் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவார்.

"சட்டுபுட்டுன்னு அடிச்சிட்டு இறங்குங்க," என்றாள். "வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதீங்க. தலை சுத்தும்."

வீடு என்பது ஒரே அறை, தகரக் கூரை. மதியத்தில் அதில் படுப்பதும் அடுப்புமேல் படுப்பதும் ஒன்று. ஆனால் ஒரு வாரமாக அவருக்கு அப்படியொரு தூக்கம். உடம்பு வெயிலை ஜெயித்துவிட்டது என்று உரக்கடையில்கூடச் சொல்லிவிட்டு வந்தார். எதிர்ச்சுவர்க் கட்டிலில் அவள்தான் அட்டையால் விசிறியபடி புரண்டுகொண்டிருப்பாள். வயசாகிறது அவளுக்கு என்று நினைத்துக்கொள்வார். அவரைவிட ஏழு வயது சின்னவள்.

கடைசி மூலைக்குத் தூரிகை எட்டவில்லை. உடம்பை வளைத்தார். வளைத்த வாக்கில் முகம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

தலை சுற்றவில்லை.

தரையில் நின்றால் தெரியாத வீட்டுக் கூரையின் மேல்புறம் அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது. பாதிக் கூரைக்குப் பச்சை வலை இழுத்துக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது கயிறு இல்லை. அவளுடைய பழைய புடவையின் கிழிசல். மஞ்சள் கரை.

வலை அவர் கட்டிலுக்கு மேலே ஆரம்பித்து, அவர் கட்டிலோடு முடிந்திருந்தது. மறுபாதித் தகரம் வெறும் மேலோடு கிடந்து கண்ணைப் பறித்தது.

கீழே ஏணி லேசாக ஆடியது.

"என்னங்க... என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. வெயிலு."

மூலையைப் பூசி முடித்து மெதுவாக இறங்கினார். வாளியில் பாதிச் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"அதான் முடிஞ்சுதே, ஏணியை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு பாத்தி பாக்கியிருக்கு."