ரெண்டு ஓலை

ஒரே ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரே ஒரு மலை, மலைக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும் சரித்திரம் ரெண்டு.

ஒன்பது 'ஏ'வில் அப்பாதுரை சார் நடத்தும் சரித்திரத்துக்குப் பிள்ளைகள் கொட்டாவி விடும். ஒன்பது 'பி'யில் தமிழ்செல்வி டீச்சர் நடத்தும் சரித்திரத்துக்குக் கைதட்டும்.

அன்றைக்குக் குடவோலைப் பாடம். டீச்சர் நிஜமாகவே மண்குடம் கொண்டுவந்து, பேர் எழுதின பனையோலைகளைப் போட்டுக் குலுக்கி, சோழர் காலத்து ஊர்த் தேர்தலை நடத்திக்கொண்டிருந்தார். 'ஏ' பிள்ளைகளின் கழுத்தெல்லாம் ஜன்னல் பக்கம்.

அப்பாதுரைக்கு வயிறு எரிந்தது. வகுப்பு முடிந்ததும் நேரே தலைமையாசிரியர் பலராமனிடம் போனார்.

"இன்னா சார் இது, கிளாஸா, தெருக்கூத்தா? சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

"அதை விடுங்க. வேங்கிக்கால் ஊர்ல மாவட்ட வாத்தியாருங்க முன்னாடி மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டணுமாம். நம்ம ஸ்கூல்ல இருந்து ஒருத்தர். தமிழ்செல்வியை அனுப்பலாம்னு..."

"அவங்க வந்து ரெண்டு வருஷங்கூட ஆகல. எனக்கு முப்பத்திரண்டு வருஷம் சார். ஒரு தடவை கூட என்னைக் கூப்பிட்டதில்ல. வர்ற மே மாசம் ரிட்டயர்டு."

பதிவேட்டை வைக்க வந்த தமிழ்செல்வி வாசலிலேயே நின்றிருந்தார்.

"குடவோலை போட்டுடலாமே சார். ஓலை மீந்திருக்கு. நானே எழுதி எடுத்துட்டு வரேன்."

போன வேகத்தில் குடத்தோடு வந்தார். உள்ளே சுருட்டின ரெண்டு ஓலை.

அப்பாதுரை பலராமன் காதருகே குனிந்தார். "எழுதினது அவங்க. ரெண்டுலயும் ஒரே பேரா இருக்கும், பாருங்க."

பலராமன் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"அப்பாதுரை!"

"ரொம்ப சந்தோஷம் சார். ஜமாய்ச்சிட்டு வாங்க." டீச்சர் குடத்தைத் தூக்கப் போனார்.

"பெல் அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போங்கம்மா. குடம் எங்க போயிடப் போவுது" என்றார் பலராமன்.

டீச்சர் தயங்கித் தயங்கிப் போனார்.

தோற்ற பேரைக் கண்ணால் பார்த்தால்தான் அப்பாதுரைக்கு வயிறு குளிரும் போலிருந்தது. மிச்ச ஓலையை எடுத்துப் பிரித்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா சார், சந்தேகம் தீந்துதா?"

"நான் சொன்னது சரிதாங்க. ரெண்டுலயும் ஒரே பேருதான்."

தன் பேர் எழுதியிருந்த அந்த ஓலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்பாதுரை ஒன்பது 'பி' பக்கம் நடந்தார்.