பாயில் உட்கார்ந்தவர்

கணவரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் சட்டென்று பாயில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாயில் கண்மூடி இருப்பவரைக் கூப்பிடக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவள் நான்.

நான் பாலி மொழியிலிருந்து பௌத்த நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். பக்கம் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. ஆறு வருட உழைப்பு. அட்டையில் முதல்முறையாக என் பெயர் வரப்போகிறது. இன்று காலை மொழிபெயர்ப்பைச் சும்மா புரட்டும்போதுதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது.

ஜாயி என்றால் தியானத்தில் ஆழ்ந்துபோனவர். யோகாவசரர் என்றால் பயிற்சியே வாழ்க்கையாக இருப்பவர். சுக்கவிபஸ்ஸகர் என்றால் அந்த ஆழ்நிலையின் ஈரம் படாமலே, உலர்ந்த வழியில் தெளிவு கண்டவர்.

மூன்று பேரையும் நான் பாட்டுக்கு 'தியானி' என்று ஒரே மூட்டையில் கட்டியிருந்தேன். நூல் முழுக்க.

இனி ஒரு கமாவைத் தொட்டாலும் ஆளை விடு என்று கணவர் போன வாரமே பெரிய கும்பிடாகப் போட்டிருந்தார். எந்த முகத்தோடு சொல்வது?

கண்மூடிப் பாவனை காட்டுபவருக்கும் பாலியில் சொல் உண்டு: குஹகர், வேடதாரி. அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்திருந்தேன், பாருங்கள்.

உள்ளே வந்தவர் கூப்பிடவில்லை. பாயின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

அரைக்கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்த முதுகு, மூடிய கண். சும்மா இருப்பதற்கு ஒரு பாய் வேறா என்று இத்தனை வருடம் என்னைக் கிண்டலடித்த மனிதர். எனக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது. அவர் எழுந்ததும் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது திருத்தவைப்பது என்று முடிவு செய்தேன்.

அவர் மடியில் போன் அடித்தது. ஆள் அசையவில்லை. ஜாயியேதான் என்று பூரித்துப்போய் நானே எடுத்தேன். அச்சகத்துக்காரர்.

"மேடம், பைண்டிங்கே முடிஞ்சிடுச்சு. சார் போன வாரமே ஃபைல் குடுத்துட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?"

போனை வைத்தேன். அழுகை முட்டியது. அதற்கு முன்னால் கோபம் முட்டியது. வாயைத் திறந்தேன்.

அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. இமை மட்டும் படபடத்தது.

சட்டம் சட்டம்தான். வாயை மூடிக்கொண்டு அவருக்கு நேரெதிரே நகர்ந்து உட்கார்ந்தேன், இந்த முறை கண்ணை அகலத் திறந்துகொண்டு.

எத்தனை நேரம்தான் உட்காருவார், பார்த்துவிடலாம்.