காந்தம் பேசுது

"இந்த அம்மா, அவங்க வீட்டுக்காரர், அம்மாவோட தம்பி, அப்புறம் நான். இந்த நாலு பேர் போதும். மத்தவங்க வெளியே உட்காருங்க" என்று கதவைச் சாத்தினார் டாக்டரம்மா.

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். மகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து, பதினோரு மாதமாக, மனைவி வாய் திறக்கவில்லை. கண் மூடுவதற்குள் அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் படியை மிதித்தார்.

"இது என்ன வைத்தியம் அத்தான்?" மைத்துனன் காதைக் கடித்தான்.

"கண்ணுக்கே தெரியாத இரும்புத்தூள்டா. ஊசியில ஏத்தினா மூளை செல்லுல போய் ஒட்டிக்கும். வெளியில காந்தத்தை ஓட்டினா, 'முழிச்சுக்கோ'ன்னு செல்லுக்குச் சேதி போகும். எலிக்குப் பலிச்சிருக்காம்."

"அக்காவை எலியாக்கிட்டீங்களே!"

"வாயை மூடு."

டாக்டரம்மா காந்தக் கம்பிச்சுருள் வைத்த தொப்பியை அவள் தலையில் பொருத்திப் பொத்தானை அழுத்தினார். மெல்லிய ரீங்காரம் எழுந்தது. ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது.

உதடு அசைந்தது.

"தம்பி..."

ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கண் நிறைந்தது.

"இவர் ஊருக்குச் சொன்ன மாதிரி என் பொண்ணு காய்ச்சல்ல சாகலடா. கட்டினவன் கைவிட்டதும் நம்ம வாசல்லதான் வந்து நின்னா. மானம் போயிடும்னு இவர் கதவைத் திறக்கல. சாவியையும் என்கிட்ட தரல. மூணு மணி நேரம் மழையில நின்னா. சாயங்காலம் ஆத்துல மிதந்தா."

மைத்துனன் எழுந்துவிட்டான். "என்ன அத்தான் இது?"

"அவ பேசலடா, காந்தம் பேசுது! நிறுத்துங்க டாக்டர்!"

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் அதட்டினார். முதுகு அப்போதும் வளையவில்லை.

ரீங்காரம் நின்றது. அவளும் நிறுத்திக்கொண்டாள். சாகும்வரை மறுபடி ஒரு சொல் பேசவில்லை.

காந்தம்தான் அந்த அம்மாளைக் கண்டபடி உளற வைத்தது என்று உறவில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று நடந்தது தொப்பி பொருந்துகிறதா, சுருள் ஓடுகிறதா என்று பார்க்கும் ஒத்திகைதான். இரும்புத்தூள் ஊசி அடுத்த திங்கட்கிழமைதான் என்ற தாளில் கையெழுத்துப் போட்டவரே ஸ்டேஷன் மாஸ்டர்தான்.