அளவெடுத்துத் தைத்த கோட்டு

படகுக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான். பரணில் அவன் ஒளித்துவைத்திருந்த தோல்கோட்டு மனைவியின் மடியில் கிடந்தது. ஏதோ தாலாட்டை முனகியபடி அவள் அதைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே கடற்பனி புகுந்து அறையே மிதப்பது போலிருந்தது.

“அதை எதுக்கு எடுத்தே?”

“பரணை ஒழிச்சேன், கிடைச்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி நான் போட்டிருந்தது. காணோம்னு நீங்களும் என்கூட மணல்ல தேடினீங்களே.”

அவன் கடல் பக்கத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தான். “அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டியா?”

“பெத்ததுங்களை விட்டுட்டா? அந்த ஆசையெல்லாம் எப்பவோ போச்சு. வீணாக் கிடக்குதேன்னு உங்க அளவுக்குப் பிரிச்சுத் தைச்சேன். போட்டுப் பாருங்க, குளிருக்கு அடக்கமா இருக்கும்.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைகளை நுழைத்தான். கச்சிதமாக இருந்தது. பொத்தானே இல்லாத கோட்டு, தானாகக் கழுத்துவரை மூடிக்கொண்டது. கழற்றப் பார்த்தான், விரல்களைக் காணோம். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான், குரைப்புதான் வந்தது.

“கடல்ல இருந்து ஏறி வந்து கரையில நான் கழட்டிவச்ச தோலைத் திருடித்தானே என்னைப் பொண்டாட்டி ஆக்கினீங்க?” என்றாள் அவள், ஊசியை நூல்கண்டில் குத்திவைத்தபடி.

தரையில் கிடந்த கடல்நாய் அவளை அண்ணாந்து பார்த்தது. அவள் கடல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க. அங்க எங்க அண்ணனுங்க காத்துக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவே இல்லையாம்.”